எழுந்து நடந்தவன்

கொசு அடிக்கும் மின்மட்டையை அந்த வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு கொசு பட்டுப் பொரிகிற சத்தம் கேட்டால் போதும், ஜாஸ்மின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள் என்று அவள் அம்மா தங்கம்மாள் சொன்னாள். ஒரு வாரமாக ஒழுங்காகச் சாப்பாடு இல்லை. கண் அசந்தாலும், வலது கைக் கட்டைவிரல் மட்டும் எதையோ அழுத்துவதுபோல் அசைந்துகொண்டே இருக்கிறதாம்.

மணிமேகலை அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். பட்டப்பகலில், விழித்திருக்கும்போதே, அது அசைந்துகொண்டிருந்தது.

மணிமேகலை ஒரு காலத்தில் சப்-இன்ஸ்பெக்டர். காக்கியைக் கழற்றிவிட்டுத் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். ஊழியர் என்று இருப்பது முனிராஜ் ஒருவன்தான். பாலக்கோட்டுக்காரன். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், இரண்டிலும் நக்கல். தங்கம்மாள் கூப்பிட்டதன்பேரில் இன்றைக்கு மொரப்பூரைத் தாண்டி இந்தக் காரைப்பள்ளம் கிராமத்துக்கு வரும்வரை வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவன், ஜாஸ்மினைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"நான்தாங்க கொன்னேன்" என்றாள் ஜாஸ்மின். "அதை எத்தனை தடவை சொல்றது?"

"ஒரே ஒரு தடவை. எனக்காக. முதல்லேருந்து."

ஜாஸ்மின் சேலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சாயங்கால ரயிலில் மொரப்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, ஊருக்கு முந்தின நிறுத்தத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்து வருவாள். பாதையில் பாதி தூரத்தில் ஒரு பெரிய புளியமரம். ஊரில் அதிக நிலம் வைத்திருக்கும் காளியப்பனின் மகன் பிரபாகர் அவளைப் பின்தொடர ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் பைக்கில் கூடவே வந்தான். அப்புறம் ரயில் நிலையத்திலேயே காத்திருந்தான். விருப்பமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் செல்போனில் தேடி ஷாக் அடிக்கிற டார்ச் ஒன்றை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குப் புளியமரத்துக்கிட்ட கையப் புடிச்சிட்டாரு. ஒரே ஒரு வார்த்தை பேசணும்னாரு. விடுங்கன்னேன். விடல. டார்ச்ச எடுத்து அவரு கையில வச்சி அழுத்தினேன். டர்ர்ருன்னு ஒரு சத்தம். மரம் சாஞ்ச மாதிரி விழுந்துட்டாரு. கண்ணு மட்டும் தொறந்திருந்துச்சி. என்னையே பாத்துச்சி." கட்டைவிரல் வேகமாக அசைந்தது. "டார்ச்ச அங்கியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சி அவங்க கிணத்துல கெடந்தாருன்னு சொன்னாங்க. நானே போயி போலீஸ்கிட்ட சொல்லிட்டேன்."

"இப்பவும் கண்ண மூடினா அந்தக் கண்ணுதான் தெரியுதாம்" என்றாள் தங்கம்மாள். "டாக்டரு கரண்டு பாஞ்சிருக்குன்னு வாயால சொல்லிட்டாராம். நாளைக்கு அவரு ரிப்போர்ட்டு வந்ததும் கூட்டிக்கினு போயிடுவோம்னு இன்ஸ்பெக்டரு சொன்னாரு. ஊர விட்டு வெளிய போகக்கூடாதாம். எங்க போறதுங்க?"

முனிராஜ் வெளியே வந்த பிறகுதான் பேசினான். நேற்றே அவன் அதே மாதிரி டார்ச் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அதன் பெட்டியைத் திருப்பிக் காட்டினான்.

"அம்பது லட்சம் வோல்ட்டுன்னு போட்டிருக்கான் மேடம். மேட்டூர்ல கூட அவ்வளவு இருக்காது."

"பெட்டிமேல எழுதறதுக்கு கரண்ட் பில் வராது முனிராஜ். நட."

புளியமரத்தடிக்கு இன்ஸ்பெக்டர் கதிரவன் வந்திருந்தார். மணிமேகலையிடம் வேலை கற்றுக்கொண்டவர். அந்த மரியாதைக்குத்தான் வந்திருந்தார். உச்சி வெயில் நேரம். ஆடு மாடுகூட அந்த நிழலுக்கு வரவில்லை. ஒரு வாரமாக ஊர் முழுக்க இந்தப் பாதையை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அவர் சொன்னார். கூட வந்த கான்ஸ்டபிள் நிழலுக்கு ஒதுங்காமல் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், பொண்ணு ஒத்துக்கிச்சு. டாக்டர் கரண்டுன்னு சொல்றார். டார்ச் இங்கயே கிடந்தது. மூணும் ஒரே பக்கம்தான் கை காட்டுது. இந்தக் கருவிய போலீஸ் கையில கொடுக்கறதுக்கே ஆயிரம் யோசனை பண்றாங்க. இங்க என்னடான்னா சீப்பு கண்ணாடி மாதிரி ஆன்லைன்ல விக்கறான்."

"அவ கையில அது இல்லாம இருந்திருந்தா அன்னிக்கு என்ன ஆகியிருக்கும்னும் யோசிச்சுப் பாருங்க கதிரவன்."

கதிரவன் டார்ச் கிடந்த இடத்தைக் காலால் காட்டினார்.

மணிமேகலைக்கு இந்தக் கருவியைத் தெரியும். உத்தியோகத்தில் இருந்தபோது வடக்கே ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். பிறர்மேல் பிரயோகிக்கப் போகிறவர் முதலில் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. வரிசையில் நின்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். வலியைவிட வேறொன்றுதான் அவளுக்குள் தங்கிவிட்டது. உடம்பு தன்னுடையது இல்லை என்று ஆகிவிடுகிற அந்தச் சிறிது நேரம். கண் திறந்தபடி இருக்கும். காது எல்லாவற்றையும் கேட்கும். கூப்பிட மட்டும் முடியாது. பிணமாக இருந்து பார்ப்பது இப்படித்தான் இருக்குமோ என்று அன்றிரவு தோன்றியது. அதற்குப் பிறகும் பலமுறை தோன்றியிருக்கிறது.

"முனிராஜ், டார்ச்சை எடு. என் கையில வச்சு அழுத்து."

"பேடாங்க மேடம்."

"தமிழ்ல சொல்லு."

"வேணாங்க. பொண்டாட்டிமேல ஒரு தடவை சத்தம் போட்டதுக்கே எனக்கு மூணு நாள் சோறு கிடைக்கல. உங்களுக்கு ஷாக் கொடுத்துட்டு நான் எங்க போயி சாப்பிடறது?"

"அழுத்து."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினான். டர்ர்ரென்று மரத்தடி அதிர்ந்தது. மணிமேகலையின் முழங்கால்கள் மடிந்தன. கன்னம் மண்ணில் பட்டது. புளிய இலைகளுக்கு நடுவே வானம் துண்டுதுண்டாகத் தெரிந்தது. முனிராஜ் மேடம், மேடம் என்று கூப்பிடுவது எங்கோ தொலைவிலிருந்து கேட்டது. அவள் பதில் சொல்ல நினைத்தாள். நாக்கு புரளவில்லை. பிறகு, வந்த மாதிரியே அந்த மரப்பு போயிற்று. அவள் கையை ஊன்றி எழுந்து, சேலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள்.

"நீங்க எழுந்துட்டீங்க" என்றார் கதிரவன். "அவன் எழல."

"எல்லாரும் எழுவாங்கன்னு நானும் சத்தியம் பண்ண மாட்டேன். நெஞ்சு பலவீனமா இருந்தா சில பேர் எழாம போயிடலாம். ஆனா எழாதவன் கிணத்துக்கு எப்படிப் போனான்? கிணறு எங்கே?"

கதிரவன் கை காட்டினார். புளியமரத்தை அடுத்து ஒரு தரிசு. அதற்கப்பால் காளியப்பனின் மரவள்ளிக் காடு தொடங்கியது. காட்டின் அந்தக் கோடியில் இரண்டு தென்னைகள் விரல் உயரத்துக்குத் தெரிந்தன. அங்கேதான் கிணறு.

"தடுமாறிக்கிட்டே போயிருப்பான்."

"அவ்வளவு தூரமா?"

"உதவிக்கு அப்பாவைக்கூடக் கூப்பிட்டிருக்கான் மேடம். கடைசியாப் போன ஃபோன் அதுதான். அவர் எடுக்கல. டிராக்டர் சத்தத்துல கேக்கலயாம். பாவம், அந்த மனுஷன் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்ல." கதிரவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆடு மேய்க்கிற வீரமணி ஆவியவே பார்த்துட்டானாம். அதுவும் செத்த அன்னிக்கே."

மணிமேகலை திரும்பினாள். "செத்த அன்னிக்கேவா?"

"ஆவிக்கு என்ன அவசரமோ" என்றான் முனிராஜ்.

"அதைத்தான் கேக்கணும். வா."

வீரமணி தன் ஆட்டுப்பட்டியை ஒட்டின கொட்டகையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது ஆள். மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு புதிதாக இருந்தது. காய்ச்சல் விட்டும் நடுக்கம் விடவில்லை. ஆவி என்ற பேச்சை எடுத்ததும் மணிமேகலைக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

"சாயங்கால பஸ்ஸு வந்துட்டுப் போயி கொஞ்ச நேரம் இருக்குங்க. மசமசன்னு இருட்டிக்கினு வர்ற நேரம். ஆட்டைத் திருப்பிக்கினு வர்றன், தரிசுல பிரபாகரு நடந்து போவுது. நான் அன்னிக்கு ஆளுன்னுதாங்க நெனச்சன்."

"எப்ப ஆவின்னு தெரிஞ்சது?"

"கிணத்துலேருந்து எடுத்தப்பதாங்க. ஜாஸ்மினு ரயிலுலேருந்து வர்றப்பவே கொன்னுட்டன்னு சொல்லிச்சி. நான் பாத்தது அதுக்கும் பின்னால. அப்ப நான் பாத்தது என்னதுங்க?" அவன் குரல் உடைந்தது. "அன்னிக்கு ராத்திரி புடிச்சதுங்க காய்ச்சலு."

மணிமேகலை அவன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். "பயப்படாம சொல்லுங்க. எப்படி இருந்தது?"

"வெள்ளைச் சட்டை. முதுகெல்லாம் மண்ணு. ஒரு கையை இன்னொரு கையால தேச்சிக்கினே போச்சிங்க."

"சத்தம் ஏதாவது?"

"செருப்பு சத்தம்தான்."

முனிராஜ் மெதுவாகச் சொன்னான். "செருப்பு போட்ட ஆவி."

"காதுகிட்ட ஒரு வெளிச்சம் இருந்துச்சிங்க. காதுல வச்சிக்கினு நின்னுது. அப்பறம் எறக்கிப் பாத்துது. மறுபடி காதுல வச்சிது. பேச்சு ஒண்ணும் இல்ல."

"எனக்கு இந்த ஊர்ல டவர் கிடைக்கல மேடம். ஆவிக்குக் கிடைக்குது."

மணிமேகலை சிரிக்கவில்லை. "எங்கே நின்னு பண்ணிச்சு அதை? மரத்தடியிலா?"

"இல்லீங்க. காளியப்பண்ணன் மரவள்ளிக் காட்டு ஓரத்துல. ரொம்ப நேரம் அங்கியே நின்னுது. உள்ள போறதா வேணாமான்னு யோசிக்கற மாதிரி. எனக்கு ஒரு ஆடு பிரிஞ்சி போச்சி. அதை ஓட்டிக்கினு திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். வெளிச்சமும் இல்ல. அய்யோங்கற சத்தங்கூட இல்லீங்க. அதை நெனச்சாதான் எனக்குக் கையி காலு ஆடுது."

"அப்பாவைத்தான் கூப்பிட்டிருக்கான். அப்பாகிட்ட அவ்வளவு பாசமா?"

வீரமணி முதல்முறையாக நடுக்கத்தை மறந்தான். "பாசமா? அப்பனும் மவனும் பேசறதே இல்லீங்க. இந்தப் பொண்ணு பின்னால சுத்தறான்னு தெரிஞ்சி, அந்தத் தெருவுல போயி நிக்கறியாடான்னு பொங்கலப்ப கை நீட்டிட்டாரு. அன்னியிலேருந்து ஒரே வூட்டுல ரெண்டு பேரும் மொறச்சிக்கினு திரிஞ்சாங்க. எதுன்னாலும் அம்மா மூலமாத்தான். அவங்கம்மா தீர்த்தம்மாக்கா அன்னிக்குத் தீர்த்தமலைக்கு வேண்டுதலுக்குப் போயிட்டாங்க. இருந்திருந்தா அவங்களத்தான் கூப்பிட்டிருக்கும்." சொல்லிவிட்டு, ஆவி யாரைக் கூப்பிட்டிருக்கும் என்று தானே பேசிக்கொண்டிருப்பது உறைத்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டான்.

மணிமேகலை எழுந்தாள். "நீங்க பார்த்தது ஆவி இல்லை வீரமணி. உசுரோட நடந்த ஆளை. உங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது. தைரியமா ஆடு ஓட்டிக்கிட்டுப் போங்க."

அவன் நம்பவில்லை. ஆனால் போர்வையைத் தோளிலிருந்து இறக்கினான்.

தரிசைக் கடந்து மரவள்ளிக் காட்டின் ஓரத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கதிரவன் ஜீப்பைப் பாதையில் விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். காற்று இல்லை. பிரபாகர் நின்ற இடத்தில் நின்று மணிமேகலை காட்டைப் பார்த்தாள். இதன் நடுவே போனால் அந்தக் கோடியில் கிணறு, அதற்கும் பின்னால் அவன் வீடு. முதுகெல்லாம் மண்ணோடு ஊருக்குள் போய் நாலு பேர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டவன், காட்டு வழியாக வீட்டுக்குப் போக நினைத்திருக்கிறான். ஓரம் வரைக்கும் வந்தவன் ஏன் தயங்கி நின்றான்?

முனிராஜ் உள்ளே நாலடி போய்க் கூப்பிட்டான். "மேடம், இங்க வந்து பாருங்க. பொக்லைன் வச்ச மாதிரி இருக்கு."

மரவள்ளிச் செடிகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மண் கிளறப்பட்டிருந்தது. பாதி கடித்த கிழங்குகள் எங்கும் இறைந்து கிடந்தன. காட்டுப்பன்றி.

"எல்லாம் புதுசு" என்றாள் மணிமேகலை. "பக்கத்துக் காட்டைப் பாரு."

பக்கத்துக் காட்டிலும் பன்றி புகுந்திருந்தது. ஆனால் அங்கே கிளறின மண் காய்ந்து, மேலே புல் முளைத்துப் பழையதாகியிருந்தது. அந்தப் பக்கத்துக் காட்டுக்காரன் வெறுத்துப்போய்ப் பயிரை எடுத்துவிட்டிருந்தான்.

"ரெண்டு காட்டுக்கும் நடுவுல வேலி கிடையாது. அங்கே ரெண்டு மாசமா மேயற பன்னி, இந்தக் காட்டுக்குள்ள மட்டும் ஏன் கால் வைக்கல? இப்ப ஒரு வாரமா ஏன் வைக்குது?"

"துக்கம் விசாரிக்க வந்திருக்கும்" என்று ஆரம்பித்த முனிராஜ், அவள் குனிவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வரப்போரத்தில் ஒரு முளைக்குச்சி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சைக்கிள் டியூபை வெட்டி அதில் சுற்றியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு குச்சி, அதிலும் டியூப். காட்டைச் சுற்றிலும் குச்சிகள் நின்றன. எல்லாவற்றிலும் ரப்பர் இருந்தது. ரப்பர் எதைத் தாங்கிக்கொண்டிருந்ததோ அது மட்டும் இல்லை.

முனிராஜ் ஒரு டியூபைத் தொட்டுவிட்டு, சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான்.

கதிரவன் குச்சிகளையும் தூரத்துத் தென்னைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரல் இறங்கியிருந்தது. "டாக்டர் கரண்டுன்னுதான் சொன்னார். எந்தக் கரண்டுன்னு நான் கேக்கவே இல்ல."

கிணற்றடியில் மோட்டார் கொட்டாய். அதன் வாசலில் காளியப்பன் குந்தியிருந்தார். அறுபதை நெருங்கும் ஆள், நல்ல உயரம். ஒரு வாரத் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. மூன்று பேர் காட்டின் நடுவே நடந்து வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவர் முன்னால் மண்ணில் செல்போன் கிடந்தது.

"நான் மணிமேகலைங்க. தருமபுரியிலேருந்து வர்றேன். அந்தப் பொண்ணுக்காக."

"சொல்லும்மா."

"ஒரே ஒரு விஷயம் புரியலைங்க. உங்க மகன் கடைசியா உங்களைக் கூப்பிட்டிருக்காரு."

"டிராக்டரு சத்தம். கேக்கல."

"பொங்கலிலேருந்து உங்ககூடப் பேசாதவரு. வலியில கெடந்தா சிநேகிதனைக் கூப்பிடுவாரு. பயந்திருந்தா அம்மாவைக் கூப்பிடுவாரு. அம்மா மலையில இருந்தாங்க. அதனால, வேற வழியில்லாம உங்களைக் கூப்பிட்டிருக்காரு. மரத்தடியில விழுந்து கெடந்தும் இல்லை. எழுந்து, நடந்து, உங்க காட்டு ஓரத்துல வந்து நின்னுக்கிட்டுக் கூப்பிட்டிருக்காரு. உங்க ஒருத்தரால மட்டும் முடியற ஏதோ ஒண்ணு அவருக்கு அப்ப தேவைப்பட்டிருக்கு. அது என்னங்க?"

காளியப்பன் செல்போனைப் பார்த்தபடி இருந்தார். தென்னை ஓலை ஒன்று காய்ந்து, தொங்கிய இடத்தில் தானாக உரசிக்கொண்டிருந்தது.

"பன்னிக்குப் போட்ட கம்பியில கரண்டை நிறுத்தணும்" என்றார் கடைசியில். சொன்னது தன் வாய்தானா என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கொட்டாயிலதான் சுவிட்சு. அவன் இந்த வழியா வர்றதா இருந்தா அவங்கம்மாவுக்கு போன் பண்ணுவான். அவ வந்து நிறுத்துவா. எப்பவும் நல்லா இருட்டினதுக்கு அப்பறந்தான் போடுவன். முந்தின நாளு பன்னி இருட்டறதுக்கு முந்தியே வந்து நாலு செடியச் சாச்சிடுச்சி. அதனால அன்னிக்குப் பொழுது எறங்கறதுக்குள்ளயே போட்டுட்டன். அவனுக்கு அது தெரியாது. இன்னும் போடலன்னு நெனச்சித் தாண்டியிருப்பான்."

"ஃபோன் சத்தம் கேட்டுச்சா?"

"டிராக்டரு வூட்டுல நின்னுது. போனு என் கையிலதான் இருந்துச்சி." அவர் கையை விரித்துக் காட்டினார். "பேரைப் பாத்தன். இத்தனை நாளைக்கப்பறம் வழிக்கு வந்தான் பாருன்னு நெனச்சன். கொஞ்சம் காத்துக் கெடக்கட்டும்னு விட்டுட்டன். ரெண்டு தடவை அடிச்சிது. மூணாவது தடவை அடிச்சா எடுக்கலாம்னு கையிலயே வச்சிக்கினு இருந்தன். அடிக்கல."

கதிரவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மணிமேகலை கையசைத்து நிறுத்தினாள்.

"வெடியக்காலம் நிறுத்திட்டு வர்றன், கம்பியோரத்துல கெடக்கறான். தோளுல போட்டுக்கினு வந்தன். அவன் வளந்ததுக்கப்பறம் நான் அவனத் தொட்டதே அடிக்கறதுக்குத்தாம்மா. கிணத்துல விட்டன். எதுக்கு விட்டன்னு கேட்டா எனக்குத் தெரியல. கம்பிய யாரும் பாக்கக்கூடாது, அவ்வளவுதான் மண்டையில ஓடிச்சி. தவறி வுழுந்துட்டான்னு போயிடும்னு நெனச்சன். அந்தப் பொண்ணு பேரை நான் எடுக்கவே இல்ல. அது தானா வந்து, நான்தான் கொன்னன்னு சொல்லிச்சி. நான் ஒரு பொய்யும் சொல்லலம்மா."

"சொல்லலைங்க" என்றாள் மணிமேகலை. "அது உண்மைன்னு நம்பிக்கிட்டு அந்தப் பொண்ணு ஒரு வாரமா செத்துக்கிட்டிருக்கு. நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

காளியப்பனின் தலை கவிழ்ந்தது. "அவன் மட்டும் நாளைக்கி வந்து என்னக் கேட்டான்னா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். பிறகு கதிரவனைப் பார்த்துக் கைகூப்பினார். "என்னக் கூட்டிக்கினு போங்க சாமி. எங்க வேணாலும் வர்றன். அவங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். மாரடைச்சி செத்தான்னு சொல்லிடுங்க. இல்லன்னா அந்தப் பொண்ணோட டார்ச்சுல செத்தான்னே இருந்துட்டுப் போவட்டும். அதுமேல கேசு இல்லாம வேணா பண்ணிடலாம். என் கம்பின்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

கொட்டாயின் பக்கவாட்டிலிருந்து ஏதோ தரையில் இழுபடும் சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

தீர்த்தம்மாள் வந்துகொண்டிருந்தாள். கையில் வளையமாகச் சுற்றிய கட்டுக்கம்பி. ஒரு முனை அவிழ்ந்து அவளுக்குப் பின்னால் மண்ணில் கோடு போட்டபடி வந்தது. அதைக் கொண்டுவந்து கணவரின் செல்போனுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"மாட்டுக் கொட்டாயில வைக்கப்போருக்கு அடியில இருந்துச்சி" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "தீவனம் அள்ளப் போயி பாத்தன். எடுத்து அடக்கம் பண்ண மறுநாளு. அப்பலேருந்து இவரு வாயத் தொறப்பாருன்னு பாத்துக்கினு இருக்கன். பக்கத்துல படுத்துக்கினு ராத்திரியெல்லாம் பாத்துக்கினு இருந்தன். தொறக்கல."

காளியப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவருடைய முகம் அப்படியே சுருங்கிப்போனது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து ஒரு சின்ன சத்தம் மட்டும் வந்தது. அதன் பிறகு கதிரவன் தோளைத் தொட்டதும் எழுந்து, சொன்ன பக்கம் நடந்தார். காட்டின் நடுவே போகும்போது, முளைக்குச்சிகள் இருந்த இடத்தில் மட்டும் காலை உயரத் தூக்கி வைத்துத் தாண்டினார். அங்கே தாண்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஜீப் போன பிறகு மணிமேகலை சொன்னாள், "நாங்க போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுங்கம்மா. உங்களுக்குத் துணைக்கு யாரையாவது வரச் சொல்லட்டுமா?"

"நானும் வர்றன்."

"நீங்க எதுக்குங்க?"

"நானுந்தான் வாயத் தொறக்கல" என்றாள் தீர்த்தம்மாள்.

மூன்று பேரும் புளியமரத்துப் பாதையிலேயே நடந்தார்கள். ஒரு வாரமாக ஊர்க்காரர்கள் யாரும் கால் வைக்காத பாதை. முனிராஜ் முன்னால் போய்க்கொண்டிருந்தான். மரத்தடிக்கு வந்ததும், எந்த இடத்தில் விழுந்தான் என்று தீர்த்தம்மாள் கேட்டாள். மணிமேகலை காட்டினாள். மத்தியானம் அவளே விழுந்த தடம்தான் அங்கே மண்ணில் இருந்தது. தீர்த்தம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தாள்.

தங்கம்மாளின் தெருவில் பேச்சு நின்றது. அந்தத் தெருவுக்குள் தீர்த்தம்மாள் இதுவரை வந்ததில்லை. வாசலில் அவளைப் பார்த்ததும் தங்கம்மாள் மகளை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"திட்ட வரல" என்றாள் தீர்த்தம்மாள். "பொண்ணைப் பாத்து ஒண்ணு சொல்லணும்."

ஜாஸ்மின் அம்மாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தீர்த்தம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னால இல்ல. எங்க வூட்டுக் கம்பியில செத்தான். பன்னிக்குப் போட்ட கம்பி. அவங்கப்பன் போட்டது. போலீசு கூட்டிக்கினு போயிட்டாங்க."

ஜாஸ்மினுக்கு அது உள்ளே போக நேரம் பிடித்தது. அவள் மணிமேகலையைப் பார்த்தாள். மணிமேகலை தலையசைத்தாள்.

"எழுந்துட்டாருங்களா?" என்று கேட்டாள் ஜாஸ்மின். "நான் ஓடினதுக்கப்பறம் அவரு எழுந்தாருங்களா?"

"எழுந்தான். மண்ணோட மண்ணா எழுந்து, காட்டு வழியா வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்தான்."

ஜாஸ்மின் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். ஒரு வாரமாக வராத அழுகை வந்தது. தெருவே கேட்கும்படி அழுதாள். தங்கம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அழுகை அடங்கும்வரை தீர்த்தம்மாள் நின்றாள்.

"அவன் உன் கையப் புடிச்சது தப்பு" என்றாள் பிறகு. "நீ பலதடவை வேணான்னு சொன்னது எனக்குத் தெரியும். அப்பவே அவனக் கூப்புட்டு நான் கேட்டிருக்கணும். கேக்கல."

தெருவில் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நின்றார்கள். முனிராஜ் நாலடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

தங்கம்மாள்தான் எழுந்தாள். "உக்காருங்கக்கா" என்றாள்.

"இல்ல. போறன்." போகத் திரும்பிய தீர்த்தம்மாள் நின்றாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தயங்கினாள். "கொஞ்சம் தண்ணி இருந்தா குடு."

தங்கம்மாள் ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பு நிறைய மொண்டுகொண்டு வந்தாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தீர்த்தம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, வாயில் வைத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.